ஜாக் பிளாண்ட்

ஜோசப் ஜாக் ஓமெர் பிளாண்ட் (ஜனவரி 17, 1929 – பெப்ரவரி 27, 1986) கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த தொழில்முறைப் பனி ஹாக்கி வீரர் ஆவார். இவர் இலக்குக் காப்பாளராக ஆடினார். தேசிய ஹாக்கி லீக் (என்.எச்.எல்.) போட்டிகளில் மொண்ட்ரியால் கனேடியன்ஸ் அணிக்காக ஆடி, 1953 முதல் 1960 வரை ஆறு முறை ஸ்டான்லி கோப்பையை வென்றார். அவற்றுள் ஐந்து, 1956 முதல் 1960 வரை இடைவிடாமல் கிடைத்தவை. சிறந்த காப்பாளருக்கான வெசினா விருதை ஏழு முறை பெற்றார். இந்த எண்ணிக்கையை வேறெவரும் எட்டியதில்லை.

கோப்பைகளையும் விருதுகளையும் விட, முகக்கவசத்தாலேயே இவர் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் முகத்தில் காயமடைந்த பிளாண்ட், கவசம் அணியாமல் மீண்டும் களமிறங்க மறுத்தார். அதன் பின்னர் என்.எச்.எல். ஆட்டங்களில் தொடர்ந்து முகக்கவசம் அணிந்த முதல் இலக்குக் காப்பாளரானார். அக்காலத்தில் இது கோழைத்தனத்தின் அடையாளமாகப் பலரால் கருதப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள், கவசமின்றி ஆடும் காப்பாளர் எவரும் என்.எச்.எல். லீக்கில் இல்லை என்ற நிலை ஏற்பட்டது.

இளமைக்காலம்

பிளாண்ட் கியூபெக்கின் மொரிசி பகுதியில் நோத்ர் டாம் டு மோன் கார்மல் என்னும் ஊருக்கு அருகில் ஒரு பண்ணையில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் இவரே மூத்தவர். குடும்பம் பின்னர் ஷாவினிகன் ஃபால்ஸ் என்னும் தொழில் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்குள்ள தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தார்.

வறுமையான அக்குடும்பத்தில் விளையாட்டுக் கருவிகள் வாங்க வசதி இல்லை. மரவேரொன்றைச் செதுக்கித் தந்தை செய்து கொடுத்ததே பிளாண்டின் முதல் மட்டை. உருளைக்கிழங்குச் சாக்குகளில் பொதி அடைத்து, மரப்பலகைகள் வைத்துத் தைத்தவையே முதல் காலுறைக் கவசங்கள். தொடக்கத்தில் சறுக்குக் காலணி இல்லாமல், டென்னிசுப் பந்தை வைத்தே ஆடினார். வெளியரங்கின் கடுங்குளிரைத் தாங்க, கம்பளித் தொப்பி பின்னத் தாயார் கற்றுக்கொடுத்தார். பின்னல் வேலை வாழ்நாள் முழுவதும் இவருடைய பொழுதுபோக்காக இருந்தது.

குழந்தைப் பருவம் முதலே பிளாண்டுக்கு ஈளை நோய் (ஆஸ்துமா) இருந்தது. நெடுநேரம் பனியில் சறுக்கி ஓடினால் மூச்சுத் திணறும். எனவே ஓரிடத்தில் நின்று ஆடும் காப்பாளர் பணியை ஏற்றார். ஐந்து வயதில் ஏணியிலிருந்து விழுந்து கை எலும்பு முறிந்தது. அது சரியாகப் பொருந்தாததால் ஆட்டத்தில் நெடுங்காலம் இடர்ப்பட்டார். பெரியவரான பின்னரே அறுவை சிகிச்சையால் அக்குறை நீங்கியது.

பன்னிரண்டு வயதில், தம் பள்ளி அணியின் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பயிற்றுநருக்கும் காப்பாளருக்கும் வாக்குவாதம் மூண்டு காப்பாளர் வெளியேற்றப்பட்டார். அவ்விடத்தில் ஆடத் தமக்கு வாய்ப்புத் தருமாறு பிளாண்ட் கேட்டுப் பெற்றார். மற்ற வீரர்கள் இவரை விடப் பல வயது மூத்தவர்களாக இருந்தும், அணியின் முதன்மைக் காப்பாளராக நிலைபெற்றார். இரண்டு ஆண்டுகளில் ஒரே நேரத்தில் ஐந்து அணிகளுக்கு ஆடிவந்தார். அவற்றுள் ஒன்று தொழிற்சாலை அணி. அதன் மற்ற வீரர்கள் நிறுவன ஊழியர்கள் என்பதால் ஊதியம் பெறுகிறார்கள் என்பதைத் தந்தை வழியாக அறிந்த பிளாண்ட், தமக்கும் ஊதியம் கேட்டு, ஆட்டத்துக்கு 50 சென்ட் பெற்றார்.

இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அழைப்புகள் வந்தன. ஆயினும் பள்ளிப்படிப்பை முடிக்க வேண்டும் என்ற பெற்றோரின் விருப்பத்தை ஏற்று அவற்றை மறுத்தார். 1947ஆம் ஆண்டில் உயர் தேர்ச்சியுடன் பள்ளிப்படிப்பை முடித்தார்.

அக்கால இலக்குக் காப்பாளரின் நிலை

பனி ஹாக்கியில் ஓரணிக்கு ஆறு பேர் களத்தில் இருப்பர். அவர்களுள் ஒருவர் இலக்குக் காப்பாளர். 1.83 மீட்டர் அகலமும் 1.22 மீட்டர் உயரமும் கொண்ட இலக்கு வலைக்குள் எதிரணியினர் அடிக்கும் வில்லை புகாமல் தடுப்பது இவரது பணி. பக் எனப்படும் இவ்வில்லை கெட்டியான ரப்பரால் ஆனது. ஏறத்தாழ 170 கிராம் எடையுடையது. மென்மையாகி எம்பிக் குதிப்பதைத் தவிர்க்க, ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பர். வலுவாக அடிக்கப்படும்போது அது மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாயும்.

1950களில் காப்பாளர்கள் கால்களிலும் மார்பிலும் தடித்த உறைகள் அணிந்தனர். ஆனால் முகத்தில் எதுவும் அணியவில்லை. வில்லை, மட்டையின் நுனி, சறுக்குக் காலணியின் கூரிய தகடு ஆகிய மூன்றாலும் முகத்தில் வெட்டுக் காயம் படுவது அன்றாட நிகழ்வாக இருந்தது. பற்களை இழப்பதும் மூக்கெலும்பு முறிவதும் தொழிலின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டன. மட்டையைப் பின்னுக்கு ஓங்கி வீசி அடிக்கும் முறை இக்காலத்தில் பரவியதால் ஆபத்து மேலும் கூடியது. இம்முறையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் பிளாண்டின் அணித் தோழரான பெர்னி ஜெஃப்ரியன்.

அப்போது என்.எச்.எல். லீக்கில் ஆறு அணிகளே இருந்தன. ஒவ்வோரணியும் ஒரே ஒரு காப்பாளரைக் கொண்டே ஆடியது. மாற்றுக் காப்பாளர் உடன் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 1960களின் நடுப்பகுதியில்தான் வந்தது. அதுவரை காப்பாளர் காயமடைந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மருத்துவர் தையல் போடும் வரை காத்திருந்து, அவரையே மீண்டும் இறக்குவது வழக்கம். முழு லீக்கிலும் ஆறே இடங்கள் இருந்ததால், வலியையோ அச்சத்தையோ வெளிப்படுத்துபவர் தம் இடத்தை இழக்க நேரிடும். முகக்கவசம் பற்றிய பேச்சு நெடுங்காலம் எழாமல் இருந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

தொடக்ககால ஆட்டங்கள்

பள்ளிப்படிப்புக்குப் பின் சில வாரங்கள் ஷாவினிகனில் தொழிற்சாலை எழுத்தராகப் பணியாற்றிய பிளாண்ட், வாரம் 85 டாலர் ஊதியத்தில் கியூபெக் சிட்டடெல்ஸ் அணியில் சேர்ந்தார். அவ்வணியின் தற்காப்பு வீரர்கள் திறம்பட ஆடாததால், வில்லையைத் தாமே கைப்பற்ற இலக்கை விட்டு வெளியே வரத் தொடங்கினார். காப்பாளர் தம் இடத்தை விட்டு அகலக்கூடாது என்பதே அன்றைய நியதி. பார்வையாளர்கள் இப்புதுமையை விரும்பினர். அணி மேலாளர்களோ சினந்தனர்.

1949ஆம் ஆண்டில் கனேடியன்ஸ் அணியின் பொது மேலாளர் ஃபிராங்க் செல்கி இவரை ஒப்பந்தம் செய்து, துணை அணியான மொண்ட்ரியால் ராயல்ஸில் ஆட வைத்தார். 1952–53 பருவத்தில் முதன்மைக் காப்பாளர் ஜெரி மெக்நீல் காயமடைந்தபோது மூன்று ஆட்டங்களுக்கு அழைக்கப்பட்டார். தாமே பின்னிய கம்பளித் தொப்பியுடன் ஆடும் வழக்கத்தைப் பயிற்றுநர் டிக் இர்வின் ஏற்காததால், அதனைக் கைவிட நேர்ந்தது.

1953ஆம் ஆண்டு அரையிறுதியில் சிக்காகோ அணியிடம் கனேடியன்ஸ் 2–3 என்ற கணக்கில் பின்தங்கியிருந்தது. இன்னும் ஓர் ஆட்டத்தில் தோற்றால் வெளியேற வேண்டிய அந்நிலையில், ஆறாவது ஆட்டத்தில் பிளாண்ட் இறக்கப்பட்டார். எதிரணிக்கு ஒரு கோலும் விடாமல் 3–0 என அணியை வெற்றிபெறச் செய்தார். கனேடியன்ஸ் ஏழாவது ஆட்டத்தையும், தொடர்ந்து இறுதிச் சுற்றில் பாஸ்டன் அணியையும் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த பருவத்தின் பெரும்பகுதியைப் பஃபலோ பைசன்ஸ் அணியில் கழித்த பிளாண்ட், 1954–55 பருவம் முதல் கனேடியன்ஸின் முதன்மைக் காப்பாளரானார்.

ஐந்து தொடர் கோப்பைகள்

1955ஆம் ஆண்டில் டோ பிளேக் கனேடியன்ஸின் பயிற்றுநரானார். மோரிஸ் ரிச்சர்ட், ழான் பெலிவோ, டக் ஹார்வி, டிக்கி மூர், பெர்னி ஜெஃப்ரியன் போன்ற வீரர்கள் அணியில் இருந்தனர். 1956 முதல் 1960 வரை ஐந்து ஆண்டுகளும் ஸ்டான்லி கோப்பையை இவ்வணியே வென்றது. தொடர்ந்து ஐந்து கோப்பைகள் என்ற இச்சாதனையை வேறெந்த அணியும் நிகழ்த்தவில்லை. அதே ஐந்து பருவங்களிலும் வெசினா விருது பிளாண்டுக்கே கிடைத்தது. அக்காலத்தில் இவ்விருது, பருவத்தில் மிகக் குறைந்த கோல்களை விட்ட அணியின் காப்பாளருக்கு வழங்கப்பட்டது.

வலிமை மிக்க அணியில் ஆடியதால்தான் பிளாண்ட் சிறந்து விளங்கினார் என்று குறை கூறியோரும் உண்டு. பிற்காலத்தில், இச்சாதனை வீரர்கள் இல்லாத அணிகளிலும் இவர் பெற்ற வெற்றிகள் அக்கருத்தை வலுவிழக்கச் செய்தன.

முகக்கவசம்

முன்னோடிகள்

முகக்கவசம் அணிந்த முதல் காப்பாளர் பிளாண்ட் அல்லர். 1927ஆம் ஆண்டில் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் காப்பாளர் எலிசபெத் கிரஹாம் வாள்சண்டைக்குரிய முகவலையை அணிந்து ஆடினார். 1930இல் மொண்ட்ரியால் மரூன்ஸ் அணியின் கிளின்ட் பெனடிக்ட், ஹோவி மோரென்ஸ் அடித்த வில்லையால் மூக்கு உடைந்த பின், தோலால் செய்த கவசமொன்றை அணிந்தார். அதன் மூக்குப் பகுதி பார்வையை மறைத்ததால் சில ஆட்டங்களுக்குப் பின் கைவிட்டார். அதன் பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் என்.எச்.எல். ஆட்டங்களில் கவசம் பயன்பாட்டுக்கு வரவில்லை.

பயிற்சியில் கவசம்

1954, 1955 ஆண்டுகளில் பயிற்சியின்போது சக வீரர்கள் அடித்த வில்லைகள் பட்டுப் பிளாண்டின் கன்னத்தெலும்புகள் முறிந்தன. ஒவ்வொரு முறையும் பல வாரங்கள் ஓய்வில் இருக்க நேர்ந்தது. இதன் பின்னர் பயிற்சி நேரங்களில் மட்டும் கவசம் அணியத் தொடங்கினார். பயிற்றுநர் பிளேக் அதை அனுமதித்தார். ஆனால் போட்டிகளில் அணியக் கூடாது என உறுதியாக இருந்தார். காலடியில் கிடக்கும் வில்லையைக் கவசம் மறைக்கும் என்றும், பாதுகாப்பு உணர்வு காப்பாளரின் விழிப்பைக் குறைக்கும் என்றும் அவர் கருதினார்.

1958ஆம் ஆண்டில் ஓர் ஆட்டத்தில் பிளாண்டின் நெற்றியில் வில்லை பட்டதைப் பார்வையாளராக வந்திருந்த பில் பர்ச்மோர் கண்டார். கண்ணாடியிழை நிறுவனமொன்றில் பணியாற்றிய அவர், முகத்தில் அச்செடுத்து, அதன் வடிவத்துக்கேற்பக் கண்ணாடியிழையால் மெல்லிய கவசம் செய்ய முடியும் என்று பிளாண்டுக்கு எழுதினார். முகத்தோடு ஒட்டிப் பொருந்துவதால் அது பார்வையைப் பெரிதும் மறைக்காது என்பதே இவ்வடிவமைப்பின் சிறப்பு. இவ்வாறு உருவான கவசத்தைப் பிளாண்ட் 1959ஆம் ஆண்டுப் பயிற்சிகளில் அணிந்தார்.

1959 நவம்பர் 1

அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் கனேடியன்ஸ் அணி நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியை எதிர்கொண்டது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் ரேஞ்சர்ஸ் வீரர் ஆண்டி பாத்கேட் அடித்த வில்லை பிளாண்டின் முகத்தில் பட்டு, மூக்கருகே ஆழமான வெட்டு ஏற்பட்டது. குருதி வழியப் பனித்தளத்தை விட்டு வெளியேறிய அவருக்கு அரங்கின் மருத்துவ அறையில் ஏழு தையல்கள் போடப்பட்டன.

கவசம் அணிந்தால் மட்டுமே மீண்டும் ஆடுவதாகப் பிளாண்ட் பயிற்றுநரிடம் தெரிவித்தார். கனேடியன்ஸுடன் வேறு காப்பாளர் யாரும் வரவில்லை. இத்தகைய நிலைக்கென உள்ளூர் அணி ஏற்பாடு செய்து வைத்திருப்பவர் தொழில்முறை வீரர் அல்லர். அவரைக் கொண்டு ஆடினால் தோல்வி ஏறத்தாழ உறுதி. காப்பாளர்களை நெடுங்காலம் பணிய வைத்திருந்த ஒற்றைக் காப்பாளர் வழக்கமே அன்று பயிற்றுநரைப் பணிய வைத்தது. காயம் ஆறியதும் கவசத்தைக் கழற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் பிளேக் இசைந்தார். கவசத்துடன் பிளாண்ட் பனித்தளத்துக்குத் திரும்பியபோது பார்வையாளர்கள் வியப்புற்றனர். கனேடியன்ஸ் அந்த ஆட்டத்தில் 3–1 என வென்றது.

எதிர்ப்பும் ஏற்பும்

அடுத்து வந்த ஆட்டங்களிலும் பிளாண்ட் கவசத்தைக் கழற்றவில்லை. அணி தோல்வியின்றித் தொடர்ந்து 18 ஆட்டங்கள் ஆடியது. வெற்றிகள் தொடர்ந்ததால் பயிற்றுநரால் வற்புறுத்த இயலவில்லை. ஆயினும் விமர்சனங்கள் ஓயவில்லை. கவசம் அணிவது அச்சத்தைக் காட்டுகிறது என்று சக காப்பாளர்களும், பழைய வீரர்களும், செய்தியாளர்களும் கூறினர். தேவையான பாதுகாப்பை மறுப்பது துணிவாகாது, அறியாமையே ஆகும் என்பது பிளாண்டின் நிலைப்பாடாக இருந்தது.

1960 மார்ச் 8 அன்று, பிளேக்கின் வேண்டுகோளை ஏற்று டிட்ராயிட் அணிக்கு எதிராகக் கவசமின்றி ஆடினார். கனேடியன்ஸ் 0–3 எனத் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் மீண்டும் கவசம் அணிந்தார். அதன் பின் என்.எச்.எல். ஆட்டங்களில் கவசமின்றி ஆடவில்லை. அவ்வாண்டுக் கோப்பைச் சுற்றில் சிக்காகோ, டொராண்டோ ஆகிய இரு அணிகளையும் ஓர் ஆட்டமும் தோற்காமல் கனேடியன்ஸ் வென்றது. அந்த எட்டு ஆட்டங்களில் பிளாண்ட் விட்ட கோல்கள் 11 மட்டுமே. மூன்று ஆட்டங்களில் எதிரணி ஒரு கோலும் போடவில்லை. கவசம் ஆட்டத்திறனைக் குறைக்கும் என்ற வாதத்துக்கு இதுவே தெளிவான மறுமொழியாக அமைந்தது.

1959 டிசம்பரில் பாஸ்டன் காப்பாளர் டான் சிம்மன்ஸ் கவசம் அணிந்தார். 1962இல் டெர்ரி சாச்சக் அணியத் தொடங்கினார். படிப்படியாக ஏனையோரும் பின்பற்றினர். கவசமின்றி ஆடிய கடைசி என்.எச்.எல். காப்பாளர் பிட்ஸ்பர்க் அணியின் ஆண்டி பிரவுன். அவர் 1974 ஏப்ரலில் கடைசியாக அவ்வாறு ஆடினார்.

பிளாண்ட் ஒரே வடிவத்தோடு நிற்கவில்லை. வெப்பமும் வியர்வையும் தேங்காதிருக்க, கண்ணாடியிழைப் பட்டைகளைப் பின்னியது போன்ற இலகுவான கவசத்தை 1960ஆம் ஆண்டில் பயன்படுத்தினார். 1970ஆம் ஆண்டில் கவசங்கள் தயாரிக்கும் நிறுவனமொன்றைக் கியூபெக்கில் தொடங்கினார்.

ஆட்ட முறை

காப்பாளரின் பணியைப் பற்றிய புரிதலையே மாற்றியவராகப் பிளாண்ட் மதிப்பிடப்படுகிறார். இவர் பரவலாக்கிய முறைகள் பின்வருமாறு:

இலக்கின் பின்புறம் சென்று, சுவரோரம் உருண்டு வரும் வில்லையை நிறுத்தித் தற்காப்பு வீரர்களுக்கு விட்டுக்கொடுத்தல்.
இலக்கை விட்டு முன்னேறி நின்று, அடிப்பவருக்குத் தெரியும் வலைப்பரப்பைக் குறைத்தல்.
எதிரணியினர் விதிக்குப் புறம்பாக வில்லையை நெடுந்தொலைவு அடிக்கும்போது கையை உயர்த்தித் தம் அணியினருக்கு உணர்த்துதல்.
ஆட்டத்தின்போது தற்காப்பு வீரர்களுக்கு உரக்கக் குறிப்புகள் கொடுத்தல்.

எதிரணி வீரர்களின் பழக்கங்களைக் கூர்ந்து கவனித்துக் குறிப்பெடுப்பது இவரது வழக்கம். 1972ஆம் ஆண்டில் இலக்குக் காப்பு பற்றிய இவரது நூல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து, பின்னர் ஆங்கிலத்திலும் வெளியானது. உடற்பயிற்சி, நிற்கும் முறை, கோணங்களைக் கணித்தல் ஆகியவற்றை முறைப்படி விளக்கும் அந்நூல் பயிற்றுநர்களிடையே நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்தது.

கனேடியன்ஸிலிருந்து பிரிவு

1960–61 பருவத்தில் முழங்கால் வலியால் பிளாண்ட் திறமை குன்றி ஆடினார். சிறிது காலம் துணை அணிக்கும் அனுப்பப்பட்டார். அறுவை சிகிச்சைக்குப் பின் 1961–62 பருவத்தில் 70 ஆட்டங்களிலும் ஆடி 42 வெற்றிகள் பெற்றார். ஆறாவது வெசினா விருதோடு, லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதும் கிடைத்தது. இதன் பின்னர் 1997 வரை எந்தக் காப்பாளரும் ஹார்ட் விருதைப் பெறவில்லை.

எனினும் பிளாண்டுக்கும் பயிற்றுநர் பிளேக்குக்கும் இடையே இருந்த விரிசல் வளர்ந்தது. பிளாண்ட் தனிமை விரும்பி. வெற்றிக் கொண்டாட்டங்களில் அதிகம் கலந்துகொள்வதில்லை. டொராண்டோவில் அணி வழக்கமாகத் தங்கும் விடுதியில் ஈளை நோய் மிகுவதாகக் கூறி வேறிடத்தில் தங்கினார். நோயால் ஆட இயலாது என்று அவர் கூறிய வேளைகளில், அதை முழுமையாக நம்பாதோரும் இருந்தனர். கவசத்தைப் போலவே நோயும் மன உறுதிக் குறைவாகவே பார்க்கப்பட்டது. 1963 ஜூன் மாதம் பிளாண்ட், ஃபில் கோயெட், டான் மார்ஷல் ஆகியோர் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டனர். கம்ப் வொர்ஸ்லி உள்ளிட்ட நால்வர் ஈடாகப் பெறப்பட்டனர்.

வலிமை குன்றிய ரேஞ்சர்ஸ் அணியில் இரண்டு பருவங்கள் ஆடினார். அதில் ஒரு பகுதியைத் துணை அணியில் கழித்தார். மனைவியின் உடல்நலக் குறைவு, தம் முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியவற்றை முன்னிட்டு 1965ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் மொண்ட்ரியாலின் இளையோர் அணி சோவியத் தேசிய அணியை எதிர்கொண்டபோது, அழைப்பை ஏற்று ஆடினார். இளையோர் அணி 2–1 என வென்றது.

மீள்வருகை

1967ஆம் ஆண்டில் என்.எச்.எல். ஆறிலிருந்து பன்னிரண்டு அணிகளாக விரிவடைந்தது. புதிய அணிகளுள் ஒன்றான செயின்ட் லூயிஸ் புளூஸ் 1968இல் பிளாண்டை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 39. மற்றொரு மூத்த காப்பாளரான கிளென் ஹாலுடன் பணியைப் பகிர்ந்து, 1968–69 பருவத்தின் வெசினா விருதை இருவரும் கூட்டாகப் பெற்றனர். இது பிளாண்டின் ஏழாவது வெசினா விருது.

1970ஆம் ஆண்டு இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், பாஸ்டன் அணியின் ஃபிரெட் ஸ்டான்ஃபீல்ட் அடித்த வில்லை ஃபில் எஸ்போசிட்டோவின் மட்டையில் பட்டுத் திசைமாறிப் பிளாண்டின் நெற்றியைத் தாக்கியது. கவசம் உடைந்தது. பிளாண்ட் நினைவிழந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். கவசம் இல்லாதிருந்தால் தாம் உயிர்பிழைத்திருக்க முடியாது என்று பின்னர் அவர் தெரிவித்தார்.

அதே ஆண்டு டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு மாறினார். 1970–71 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.88 கோல்களே விட்டு, 42 வயதில் லீக்கின் முதலிடத்தைப் பிடித்தார். அங்கு உடன் ஆடிய இளம் காப்பாளர் பெர்னி பேரன்டுக்குக் கோணங்களையும் நிற்கும் முறையையும் கற்பித்தார். பேரன்ட் பின்னர் ஃபிலடெல்பியா அணிக்காக 1974, 1975 ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை வென்றார்.

1972 செப்டம்பரில் கனடாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் நடந்த புகழ்பெற்ற தொடரின் முதல் ஆட்டத்துக்கு முன், பிளாண்ட் மொழிபெயர்ப்பாளர் ஒருவருடன் சோவியத் அணியின் இளம் காப்பாளர் விளாதிஸ்லாவ் திரெத்தியாக்கைச் சந்தித்து, கனேடிய வீரர்கள் ஒவ்வொருவரும் எவ்வாறு அடிப்பர் என்று விளக்கினார். பெருந்தோல்வி காண இருந்த இளைஞனுக்கு உதவுவதாகவே அவர் எண்ணினார். ஆனால் அன்று சோவியத் அணி 7–3 என வென்றது.

1973 மார்ச்சில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு மாற்றப்பட்டு, அப்பருவத்துடன் என்.எச்.எல். லீக்கிலிருந்து விலகினார். போட்டி லீக்கான உலக ஹாக்கி அமைப்பில் 1973–74 பருவத்தில் கியூபெக் நோர்டிக்ஸ் அணியின் பயிற்றுநராகவும் பொது மேலாளராகவும் இருந்தார். 1974–75 பருவத்தில் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்காக மீண்டும் ஆடினார். பருவம் முடிகையில் அவருக்கு வயது 46. 1975ஆம் ஆண்டில் இளைய மகனை இழந்த துயரைத் தொடர்ந்து, விளையாட்டு வாழ்வை முடித்துக்கொண்டார்.

இறுதிக்காலம்

பிளாண்ட் தம் இரண்டாவது மனைவியுடன் சுவிட்சர்லாந்தில் குடியேறினார். அங்கிருந்தவாறே ஃபிலடெல்பியா உள்ளிட்ட என்.எச்.எல். அணிகளின் காப்பாளர்களுக்குப் பயிற்சியளித்து வந்தார். காப்பாளர்களுக்கெனத் தனிப் பயிற்றுநர் என்பது அரிதாக இருந்த காலம் அது. 1986 பெப்ரவரி 27 அன்று, இரைப்பைப் புற்றுநோயால் ஜெனீவாவில் 57 வயதில் காலமானார். சுவிட்சர்லாந்தின் சியேர் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். போட்டியொன்றுக்காகக் கியூபெக்கிலிருந்து வந்திருந்த இளம் ஹாக்கி வீரர்கள், சவப்பெட்டி தேவாலயத்திலிருந்து வெளியே கொண்டுவரப்பட்டபோது தம் மட்டைகளை உயர்த்தி வளைவு அமைத்து இறுதி மரியாதை செலுத்தினர்.

சாதனைகள்

என்.எச்.எல். வழக்கமான பருவ ஆட்டங்கள்: 837
வெற்றிகள்: 437
எதிரணிக்கு ஒரு கோலும் விடாத ஆட்டங்கள்: 82
ஆட்டத்துக்குச் சராசரியாக விட்ட கோல்கள்: 2.38
ஸ்டான்லி கோப்பை: 6 முறை (1953, 1956, 1957, 1958, 1959, 1960)
வெசினா விருது: 7 முறை (1956–1960, 1962, 1969)
ஹார்ட் விருது: 1962

கனேடியன்ஸ் அணிக்காக இவர் பெற்ற 314 வெற்றிகள், 2019 மார்ச்சில் கேரி பிரைஸ் முந்தும் வரை அவ்வணியின் சாதனையாக இருந்தன.

மதிப்பளிப்புகள்

1978ஆம் ஆண்டில் டொராண்டோவிலுள்ள ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் பிளாண்ட் சேர்க்கப்பட்டார். 1995 அக்டோபர் 7 அன்று கனேடியன்ஸ் அணி இவர் அணிந்த 1ஆம் எண் சட்டைக்கு ஓய்வளித்தது. அதன் பின் அவ்வணியில் வேறெவரும் அவ்வெண்ணை அணிவதில்லை. ஷாவினிகனில் பனியரங்கொன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது. கியூபெக்கின் முதன்மை இளையோர் லீக், மிகக் குறைந்த சராசரியில் கோல் விடும் காப்பாளருக்கு ஜாக் பிளாண்ட் விருதை வழங்குகிறது. 2017ஆம் ஆண்டில், என்.எச்.எல். தன் நூற்றாண்டையொட்டி வெளியிட்ட 100 தலைசிறந்த வீரர்கள் பட்டியலிலும் இவர் பெயர் இடம்பெற்றது.

இன்று தொழில்முறை அணிகள் முதல் சிறுவர் அணிகள் வரை எந்தக் காப்பாளரும் முகக்கவசம் இன்றிப் பனித்தளத்தில் இறங்குவதில்லை. சிறுவர்களுக்கு அது ஆட்ட விதியாகவே உள்ளது. நெடுங்காலம் தைக்கப்பட்ட முகங்களுடன் ஆடிய ஒரு தலைமுறையின் வழக்கம், ஒருவர் கவசமின்றித் திரும்ப மறுத்ததிலிருந்து மாறத் தொடங்கியது.